கைக்கு ஏற்ற மட்டை

தொழில் செய்வார்க்குக் கருவி இன்றியமையாதது. உழவனுக்கு ஏர், தச்சனுக்கு உளி, குயவனுக்குத் திகிரி, எழுதுவார்க்கு எழுதுகோல் என ஒவ்வொரு தொழிற்கும் ஒவ்வொரு கருவி அமைந்துள்ளது. ஒரு வினையை மேற்கொள்வார் முன்னரே ஆராய்ந்துகொள்ள வேண்டியவற்றுள் கருவியையும் ஒன்றாக வைத்தார் திருவள்ளுவர். ஆயினும் கருவி நல்லதாயிருத்தல் மட்டும் போதாது. அதனைக் கையாள்வான் கைக்கு அது பொருந்தியும் இருத்தல் வேண்டும். பெருவீரன் வளைத்த வில்லைச் சிறுவன் கையிற் கொடுத்தால் அவன் அம்பு எய்யான். தோளை நோகச் செய்துகொள்வான். மூத்த தச்சன் ஓட்டும் பெரிய இழைப்புளியைப் புதிய மாணாக்கன் ஓட்டினால் மரம் வழவழப்பாகாது. அவன் கையே கொப்புளிக்கும். குறை கருவியிலும் இல்லை, கையிலும் இல்லை. இரண்டுக்கும் இடையே பொருத்தம் இல்லாமையே குறையாகும்.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில், சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் கும்மிடிப்பூண்டி. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கும் ஆலைகளும், பொறிகளுக்கு உறுப்புகள் செய்யும் பட்டறைகளும் பல உள்ளன. தொழில் கற்க வரும் இளைஞனிடம் அறிவுடைய மூத்த தொழிலாளி முதல் நாளே சம்மட்டியைத் தந்துவிடுவதில்லை. சிறு சுத்தியலையும் அரத்தையும் தந்து, நிற்கும் நிலையையும் பிடிக்கும் முறையையும் முதலிற் பழக்குவார். கை தேறிய பின்னரே பெருங்கருவி வரும். பட்டறையில் யாவரும் அறிந்த இவ்வுண்மை, விளையாட்டுக் கருவி வாங்கும்போது மட்டும் பலர்க்கு மறந்துபோகின்றது.

அவ்வூரில் ஆலைத் தொழிலாளி ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். அவர்தம் மகளுக்கு வயது பத்து. உயரம் நான்கடி நான்கு அங்குலம். அவள் டென்னிஸ் ஆட்டம் கற்க விரும்புகின்றாள். தந்தையும் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து அவளை அழைத்துக்கொண்டு கடைக்குச் செல்கின்றார். அங்கே இரண்டு மட்டைகள் காட்டப்படுகின்றன. ஒன்று 25 அங்குல நீளமுடையது, சிறுவர்க்கென்றே செய்யப்பட்டது. மற்றொன்று 27 அங்குலம், பெரியோர் ஆடுவது. “பெண் வளர்ந்துவிடுவாள், பெரியதையே வாங்கினால் நான்காண்டு உதவும்” என்று தந்தை எண்ணுகின்றார். அவ்வெண்ணம் இயல்பானதே. வளரும் பெண்ணுக்குப் பாவாடையைச் சற்று நீளமாகத் தைத்து, கரையை உள்ளே மடித்து வைத்து, ஆண்டுதோறும் பிரித்துவிடுதல் நம் இல்லங்களில் உள்ள வழக்கம். ஆயின், பாவாடையை மடித்துத் தைக்கலாம். மட்டையை மடித்துத் தைக்க இயலுமோ? அச்சிறுமி ஆட்டத்தைக் கற்பாளோ, கை நொந்து கைவிடுவாளோ என்பது இந்த ஒரு தேர்வைப் பெரிதும் பொறுத்தது. ஆதலின், மட்டையைத் தேரும் முறையை அறிந்துகொள்ளுதல் நன்று.

மட்டையின் வரலாறு

டென்னிஸின் முன்னோடியான பழைய ஆட்டம் பிரான்சு நாட்டில் உள்ளங்கையாற் பந்தை அடித்து ஆடப்பெற்றது. கையே அந்நாளைய மட்டை. பின்னர்க் கையுறையும், அதன்பின் நரம்பு பின்னிய மரமட்டையும் தோன்றின. ஆகவே, மட்டை என்பது நீண்ட கையே அன்றி வேறன்று. 1874-ஆம் ஆண்டில் வால்டர் விங்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயர் புல்தரையில் ஆடும் முறைக்கு உரிமை பெற்றார். 1877-இல் விம்பிள்டன் போட்டி தொடங்கியது.

அக்காலந்தொட்டு நெடுநாள் மட்டைகள் மரத்தாலேயே செய்யப்பட்டன. மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, சட்டம் அமைப்பர். அத்தகைய மட்டை ஏறத்தாழ 370 முதல் 400 கிராம் வரை எடையிருக்கும். அதன் தலையோ 65 முதல் 70 சதுர அங்குலப் பரப்பே உடையது. 1960-களின் இறுதியில் எஃகு மட்டையும், அதனை அடுத்து அலுமினிய மட்டையும் புகழ்பெற்றன. 1976-இல் ஹோவர்டு ஹெட் என்னும் அமெரிக்கர் அகன்ற தலையுடைய மட்டையை வெளியிட்டார். 1980-களில் கரியிழையாற் செய்யும் கிராபைட் மட்டை பரவியது. அப்பத்தாண்டு முடிவதற்குள் மரமட்டை பெரும்போட்டிகளிலிருந்து மறைந்துபோயிற்று. இன்று பெரியோர் ஆடும் மட்டைகளுட் பல 280 முதல் 320 கிராம் எடையும் ஏறத்தாழ 100 சதுர அங்குலத் தலையும் உடையன.

மரமட்டைக் காலத்திலேயே தமிழ்நாடு இவ்வாட்டத்திற் பெரும்புகழ் ஈட்டியது. 1937-இல் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன், தம் தந்தை டி. கே. இராமநாதனிடம் ஆட்டம் பயின்றவர். 1954-ஆம் ஆண்டு விம்பிள்டனில் சிறுவர் ஒற்றையர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் இவரே. 1960, 1961 ஆகிய ஈராண்டுகளிலும் விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் அரையிறுதியில் ஆடினார். இவர் ஆட்டம் வலிமையாற் சிறந்ததன்று. பந்தை இடமறிந்து வைக்கும் நயத்தாற் சிறந்தது. இவர் மகன் இரமேஷ் கிருஷ்ணன் 1979-இல் அதே சிறுவர் பட்டத்தை வென்றார். தந்தையும் மகனும் ஒரே பட்டத்தைப் பெற்றமை அரிய பேறு. 1985-இல் விஜய் அமிர்தராஜ் சென்னையில் இளைஞர்க்கெனப் பயிற்சித் திட்டமொன்றைத் தொடங்கினார். அங்குப் பயின்ற லியாண்டர் பயஸ் 1990-இல் அச்சிறுவர் பட்டத்தையே வென்று, 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கமும் பெற்றார்.

இவர்கள் வரலாறு ஓர் உண்மையைத் தெளிவாக்கும். மரமட்டையும் வென்றது, பின் வந்த மட்டையும் வென்றது. மட்டை எதனால் ஆனது என்பதைவிட, அது ஆடுவார் கைக்கு அடங்கி நிற்றலே முதன்மையானது. அவ்வடக்கம் நீளம், எடை, பிடி, நரம்பு என்னும் நான்கனால் அமையும்.

நீளம்

பெரியோர் ஆடும் மட்டை 27 அங்குலம் நீளமுடையது. ஆட்ட விதிப்படி 29 அங்குலத்திற்கு மேற்பட்ட மட்டையைப் போட்டியிற் பயன்படுத்தலாகாது. சிறுவர்க்கு 19, 21, 23, 25, 26 அங்குல அளவுகளில் மட்டைகள் கிடைக்கின்றன. நான்கு முதல் ஆறு வயதுடைய குழந்தைக்கு 21 அங்குல மட்டையும், ஆறு முதல் எட்டு வயதுவரை 23 அங்குல மட்டையும், ஒன்பது, பத்து வயதினர்க்கு 25 அங்குல மட்டையும் பெரும்பாலும் பொருந்தும். பத்து, பதினொன்று, பன்னிரண்டு வயதினருள் உயரமும் பழக்கமும் உடையார் 26 அங்குல மட்டையைக் கொள்ளலாம். அதன் பின்னரே முழு நீள மட்டை.

வயதைவிட உயரம் உறுதியான அளவுகோலாகும். ஏனெனில், ஒரே வகுப்பில் ஒரே வயதுடைய பிள்ளைகள் உயரத்தில் ஒருவரினும் ஒருவர் பெரிதும் வேறுபடுவர். 45 முதல் 49 அங்குலம் வரை உயரமுள்ளவர்க்கு 23 அங்குல மட்டையும், 50 முதல் 55 அங்குலம் வரை உயரமுள்ளவர்க்கு 25 அங்குல மட்டையும் ஏற்றவை. நாம் கண்ட சிறுமியின் உயரம் நான்கடி நான்கு அங்குலம். அஃதாவது 52 அங்குலம். ஆகவே அவளுக்குரியது 25 அங்குல மட்டையே என்பது விளங்கும்.

கடையிலேயே செய்து பார்க்கத்தக்க சோதனையும் உண்டு. பிள்ளை நிமிர்ந்து நின்று, மட்டையின் பிடியைப் பற்றிக் கையைப் பக்கவாட்டிற் தொங்கவிட வேண்டும். மட்டையின் நுனி தரையைத் தொடாமல் சிறிது உயர்ந்து நின்றால் நீளம் பொருந்தும். நுனி தரையில் இடித்தாலோ, அதனைத் தவிர்க்கப் பிள்ளை முழங்கையை மடக்கினாலோ, அம்மட்டை நீளமானது என அறிக.

எடையும் சமநிலையும்

“ஈரங்குலம் மிகுந்தால் என்ன?” என்று சிலர் வினவுவர். இதற்கு இயற்பியல் விடை தரும். மாணவர் யாவரும் எளிதிற் செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்றுண்டு. ஒரு சுத்தியலை எடுத்து, இரும்புத் தலையைக் கையிற் பற்றிக் காம்பை வெளியே நீட்டி, மெல்ல வீசிப் பார்க்க. கை எளிதாகச் சுழலும். பின்னர் அதே சுத்தியலைக் காம்பின் முனையிற் பற்றி, இரும்புத் தலை வெளியே நிற்க வீசிப் பார்க்க. இப்போது அது பளுவாகத் தோன்றும். சுத்தியலின் எடை மாறவில்லை. எடை இருக்கும் தூரமே மாறியது. ஒரு பளுவைச் சுழலும் இடத்திலிருந்து இருமடங்கு தூரத்தில் வைத்தால், அதனைச் சுழற்றும் அருமை இருமடங்கு அன்று, நான்கு மடங்கு ஆகும். ஆகையால், மட்டையின் நுனியில் மிகும் சிறிது நீளமும் சிறிது எடையும் கைக்குப் பெருஞ்சுமையாகின்றன.

25 அங்குலச் சிறுவர் மட்டை பெரும்பாலும் 250 கிராம் அளவிலோ அதற்குக் குறைந்தோ இருக்கும். பெரியோர் மட்டையோ 300 கிராமை ஒட்டி நிற்கும். எடையும் மிகுந்து, நீளமும் மிகுந்தால், அச்சிறுமியின் மணிக்கட்டு என்செய்யும்? பந்து வருமுன் மட்டையைப் பின்னே கொண்டுசெல்ல அவளுக்கு நேரம் போதாது. பந்தைக் காலந்தாழ்த்தே அடிப்பாள். மணிக்கட்டுத் தாழும், முழங்கை முன்னே வரும், தோள் உயரும். கை மெல்லப் பிடியின் மேற்பகுதிக்கு ஏறிவிடும். இவை யாவும் சில திங்களில் பழக்கமாகி வேரூன்றும். பின்னர் நல்ல ஆசான் வாய்த்தாலும் அப்பழக்கத்தைப் பெயர்த்தெடுத்தல் அரிது. புதிதாகக் கற்பிப்பதினும் பிழையாகக் கற்றதை மறக்கச் செய்தல் கடினம் அன்றோ?

இதனினும் பெரிய தீங்கொன்று உண்டு. வளரும் பிள்ளையின் எலும்புகளின் முனைகளில் மெல்லிய குருத்தெலும்புப் பகுதிகள் உள்ளன. எலும்பு நீண்டு வளர்வது அவ்விடங்களிலேதான். அவை முதிர்ந்த எலும்பைப்போல் வன்மையுடையன அல்ல. தாங்கொணாத சுமையை நாள்தோறும் சுழற்றினால் மணிக்கட்டு, முழங்கை, தோள் ஆகிய இடங்களில் நோவு தோன்றும். ஆட்டத்தின்போதும் ஆட்டத்திற்குப் பின்னும் ஒரே இடத்தில் வலி நீடிக்குமாயின், அதனைப் பிள்ளையின் சோம்பல் என்று கடிந்துகொள்ளலாகாது. ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுதலே முறை.

எடை எங்கே மிகுந்துள்ளது என்பதையும் நோக்க வேண்டும். மட்டையைக் கிடையாக ஒரு விரல்மேல் நிறுத்தி, அது சாயாமல் நிற்கும் இடத்தைக் காண்க. அவ்விடம் நட்ட நடுவினின்றும் பிடியின் பக்கம் இருந்தால் தலை இலேசானது. தலையின் பக்கம் இருந்தால் தலை கனத்தது. எடை மிகக் குறைந்த மட்டைகளில் பந்துக்கு விசை தருவதற்காகத் தலையைச் சற்றுக் கனமாக அமைப்பதுண்டு. ஆகவே, தராசில் நிறுத்துப் பார்ப்பது மட்டும் போதாது. பிள்ளை பத்து முறை, இருபது முறை வீசிப் பார்த்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும். இருபதாம் வீச்சும் முதல் வீச்சைப்போல் எளிதாக இருந்தால், அம்மட்டை அக்கைக்கு உரியது. இரண்டு மட்டைகளுள் எது என்று ஐயம் எழுமிடத்து, இலேசானதையே கொள்க.

பிடி

மட்டைக்கும் உடலுக்கும் உறவு உண்டாகும் இடம் பிடி ஒன்றே. பெரியோர் மட்டைகளின் பிடிச் சுற்றளவு நான்கு அங்குலம் தொடங்கி நாலேகால், நாலரை எனச் சிறிது சிறிதாக உயரும். 0 முதல் 5 வரை எண் இட்டு அவ்வளவைக் குறிப்பதும் உண்டு. சிறுவர் மட்டைகளில் நீளத்திற்குத் தக்கவாறு பிடியும் சிறிதாகவே அமைந்திருக்கும்.

பிடியை அறியும் வழி எளிது. பிள்ளை மட்டையை இயல்பாகப் பற்றியதும், விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைச் சதைக்கும் இடையே சிறு இடைவெளி தோன்றும். அவ்விடைவெளியில் மற்றக் கையின் சுட்டுவிரல் அடங்கிப் பொருந்தினால் பிடி சரியானது. விரல் நுழைய இடமின்றேல் பிடி சிறிது. விரல் நுழைந்தும் இடம் எஞ்சினால் பிடி பெரிது. சிறிய பிடி கையினுள் புரளும். அதனைத் தடுக்கப் பிள்ளை இறுகப் பற்றும். இறுகப் பற்றினால் முன்கைத் தசைகள் களைத்து நோகும். பெரிய பிடியோ மணிக்கட்டைத் தளையிட்டதுபோல் ஆக்கிவிடும். சிறிய பிடியின்மேல் மெல்லிய நாடா ஒன்றைச் சுற்றிப் பெரிதாக்கிக்கொள்ளலாம்; பெரிய பிடியைச் செதுக்கிச் சிறிதாக்குதல் எளிதன்று. எனவே இரண்டுக்கும் நடுவில் கை அமையுமாயின், சிறியதைக் கொள்வதே அறிவுடைமை. மேலும், கடலையும் பழவேற்காட்டு ஏரியையும் அண்மையிற் கொண்ட கும்மிடிப்பூண்டிப் பகுதியில் காற்றில் ஈரம் மிகுதி. கை விரைவில் வியர்க்கும். வியர்வையை உறிஞ்சும் நாடாவைச் சுற்றி, அது நைந்தபோது மாற்றிவருதல் நலம்.

தலையும் நரம்பும்

மட்டையின் தலை அகன்றிருந்தால், பந்து நடுவில் படாது சற்று விலகிப் பட்டபோதும் ஓரளவு செவ்வையாகவே திரும்பும். தொடக்கத்தில் பிள்ளைகள் பந்தை நடுவில் அடிப்பதரிது. ஆதலின் அவர்க்கு அகன்ற தலை துணையாகும். சிறிய தலை தேர்ந்த கைக்கு உரியது.

சட்டம் அலுமினியமோ கிராபைட்டோ என்னும் வினா அடுத்து எழும். அலுமினிய மட்டை விலை குறைந்தது, தொடங்குவார்க்குப் போதுமானது. ஆயின் பந்து படும்போது உண்டாகும் அதிர்வு அதிற் சற்று மிகுதியாகக் கைக்கு ஏறும். வாரத்தில் பல நாள் ஆடத் தொடங்கிய பிள்ளைக்கு, அதிர்வைத் தாங்கும் கிராபைட் மட்டை ஏற்றது. விளையாட்டில் மனம் ஊன்றுமா என்பது தெரியுமுன் விலையுயர்ந்த மட்டையை வாங்க வேண்டுவதில்லை.

மட்டையில் பந்தைத் தொடுவது நரம்பே. ஆட்டுக் குடலினின்றும் மாட்டுக் குடலினின்றும் எடுத்த இயற்கை நரம்பு பண்டு பெருவழக்காக இருந்தது. கைக்கு மிக மென்மையானது அதுவே. எனினும் விலை மிகுந்தது. ஈரத்தில் விரைவிற் கெடுவது. நம் கடற்கரை வெளிக்கு நைலான் நரம்பு தக்கது. பாலியெஸ்டர் நரம்பு விறைப்பானது. பெரிய ஆட்டக்காரர் அதனைக் கொள்வது கண்டு சிறுவரும் அதனையே விரும்புவர். அவ்விறைப்பு வளரும் கைக்குத் தீங்கு செய்யும் என்பதை அவர்க்கு எடுத்துச் சொல்லல் வேண்டும்.

நரம்பை எவ்வளவு இறுக்கிக் கட்டுவது என்பதும் ஒரு கலை. வீணையின் நரம்பை மிக இறுக்கினால் அறும். மிகத் தளர்த்தினால் இசை பிறவாது. மட்டை நரம்பும் அத்தகையதே. இறுகிய நரம்பு பந்தைக் கட்டுக்குள் வைக்கும். ஆயின் அடியின் அதிர்ச்சியைக் கைக்கு அனுப்பும். சற்றுத் தளர்ந்த நரம்பு பந்தைத் தானே உந்தித் தள்ளும், கைக்கும் இதமளிக்கும். எனவே சிறுவர் மட்டைக்குத் தளர்ந்த கட்டே தகும். நரம்பு அறாவிடினும் நாளடைவில் உயிரிழக்கும். வாரத்தில் எத்தனை நாள் ஆடுகின்றோமோ, ஆண்டில் அத்தனை முறை நரம்பை மாற்றுக என்பது ஆட்டக்காரரிடையே வழங்கும் பொதுவிதி. மட்டையை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுவைத்தால் நரம்பு தளர்ந்துபோம். உறையிலிட்டு நிழலில் வைத்தல் வேண்டும்.

பந்தும் களமும்

மட்டையைச் சிறிதாக்கிவிட்டுப் பந்தையும் களத்தையும் பெரியோர்க்கு உரியவாறே வைத்தால் பயன் முழுமையாகாது. இதனை உணர்ந்தே சிறுவர்க்கு மூவகைப் பந்துகளை வகுத்துள்ளனர். சிவப்புப் பந்து வழக்கமான மஞ்சள் பந்தினும் முக்காற்பங்கு வேகம் குறைந்தது. 36 அடி நீளக் களத்தில் ஆடுவதற்குரியது. செம்மஞ்சள் பந்து பாதி வேகம் குறைந்தது. அதற்குக் களம் 60 அடி. பச்சைப் புள்ளியிட்ட பந்து காற்பங்கு வேகம் குறைந்தது; அதனை 78 அடி முழுக்களத்தில் ஆடலாம். சிவப்புப் பந்துக்கு 23 அங்குலம் வரையுள்ள மட்டையும், செம்மஞ்சள் பந்துக்கு 23 முதல் 25 அங்குல மட்டையும், பச்சைப் பந்துக்கு 25 அங்குலமும் அதற்கு மேற்பட்டதுமான மட்டையும் இயைந்தவை. பத்து வயதிற்கு உட்பட்டோர் போட்டிகளில் வேகம் குறைந்த பந்துகளையே பயன்படுத்த வேண்டும் என்னும் விதி 2012-ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது.

மெதுவான பந்து தாழ எழும். சிறுவர் இடுப்பளவில் வந்து சேரும். அவர்கள் அதனை நின்று நோக்கி, முறையாக வீசி அடிக்க நேரம் பெறுவர். மஞ்சள் பந்தோ அவர்தம் தலைக்கு மேல் துள்ளும். சிவப்புப் பந்தில் ஆடுவதை இழிவாகக் கருதுதல் அறியாமை. அரிச்சுவடி பயின்ற பின்னரன்றோ காப்பியம் பயில்கின்றோம்!

மாற்றும் காலம்

பிள்ளை வளர வளர மட்டையும் மாறுதல் வேண்டும். மட்டை விளையாட்டுப் பொருள்போல் மிக இலேசாகித் தோன்றுதல், பந்தை எட்டுவதற்கு மிகக் குனிய நேர்தல், வேகமாக வரும் பந்து பட்டவுடன் மட்டை கையிற் புரளுதல் ஆகியவை மாற்றும் காலம் வந்தமையைக் காட்டும் குறிகள். ஒரே தாவலில் 23 அங்குலத்திலிருந்து 27 அங்குலத்திற்குச் செல்லலாகாது. படிப்படியாக ஏறுதலே நெறி.

“ஒன்றிரண்டு ஆண்டுக்கொரு முறை புதுமட்டை வாங்கப் பொருளுக்கு எங்கே போவது?” என்று எளிய குடும்பத்தார் கவல்வது முறையே. அதற்கு வழி இல்லாமல் இல்லை. சிறுவர் மட்டை பெரும்பாலும் உடைவதற்கு முன்னரே அளவில் சிறிதாகிவிடும். மூத்தோர் ஆடிக் கழித்ததை இளையோர் கொள்ளலாம். அண்டை வீட்டார் பிள்ளைகளும், ஒரே ஆசானிடம் பயிலும் மாணவரும் தம்முள் மாற்றிக்கொள்ளலாம். பள்ளிகளும் பயிற்சிக் கூடங்களும் வெவ்வேறு அளவுடைய சில மட்டைகளைப் பொதுவாக வைத்திருப்பின், பல பிள்ளைகள் பயன்பெறுவர்.

பழைய மட்டையை வாங்குவோர் அதனை நன்கு ஆராய வேண்டும். மேற்பூச்சு உதிர்ந்திருத்தல் குறையன்று. தலையும் காம்பும் கூடும் இடத்திலும், தலையின் உச்சியிலும் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டோ என்று வெளிச்சத்திற் பார்த்தல் வேண்டும். சட்டத்தை விரலால் தட்டினால் எங்கும் ஒரே ஓசை எழ வேண்டும். ஓரிடத்தில் மட்டும் ஓசை மாறினால் அங்கே உள்வெடிப்பு இருத்தல் கூடும். நரம்பு நுழையும் துளைகளைக் காக்கும் சிறு குழல்கள் உடைந்திருந்தால் நரம்பு விரைவில் அறும். இவை மூன்றும் செம்மையாக இருப்பின், நரம்பையும் பிடி நாடாவையும் மாற்றி அம்மட்டையைத் தயங்காது கொள்ளலாம்.

முடிவு

இனி, கடையில் நின்ற தந்தையிடம் மீள்வோம். அவர் ஆலையில் நாள்தோறும் கருவியோடு பழகுபவர். மகள் 27 அங்குல மட்டையை வீசும்போது அவள் தோள் உயர்வதையும், மணிக்கட்டுத் தளர்வதையும் அவர் கண்கள் காணாதிருக்குமோ? பட்டறையில் புதியவன் கையில் பெருஞ்சுத்தியல் படும் பாடு அவர் நினைவுக்கு வரும். 25 அங்குல மட்டையை அவள் வீசும்போது அது அவள் கையோடு கையாக இயங்குவதையும் காண்பார். அப்போது அவர் எதை வாங்க வேண்டும் என்பதை எவரும் அவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

பெற்றோர் தம் மக்களைப் பற்றிக் காணும் கனவு பெரிது. பெரிதாக இருத்தலே அழகு. ஆயினும் அக்கனவின் அளவுக்கு மட்டையைத் தேர்ந்தால், அதனைச் சுமப்பது பிள்ளையின் சிறுகையே. நாளை வளரப்போகும் கைக்கு நாளை ஒரு மட்டை கிடைக்கும். இன்று ஆடப்போவது இன்றுள்ள கை. அதற்கு ஏற்ற கருவியைத் தந்து, நோவின்றி ஆடவிட்டு, காலமறிந்து மாற்றிக் கொடுத்து வருதலே உண்மையான அன்பாகும். அவ்வாறு வளரும் பிள்ளை பட்டம் வெல்லினும் வெல்லாவிடினும், ஆட்டத்தை விரும்பி நெடுங்காலம் ஆடும். அதுவே பெரும்பேறு.